பாண்டீஸ்வரி அக்காவின் நாலு தட்டிகள்

என் நடையைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் வீரபாண்டியில் கிடையாது. பால் ஊற்றுகிறவர் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மா சொல்வார், மண்டிக்கு வாழைத்தார் இறக்க வருகிறவர்கள் சொல்வார்கள். இடது குதிகால் தரையில் நிற்காமல் எம்பி எம்பி விழும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு அடிக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் யாரையோ எட்டிப் பார்த்துக்கொண்டு போகிறவள் மாதிரி தெரிவேன். ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை, பிழைத்ததே பெரிசு என்று வீட்டில் அதோடு விட்டுவிட்டார்கள். இருபத்து மூன்று வருடம் எல்லாரும் ஓசியில் பார்த்த நடையை, ஒருத்தர் அளந்து பார்க்க வழி செய்தார். இது அவரைப் பற்றியது.

என் பெயர் அபிதா. தேனியில் ஒரு வாழைக்காய் மண்டியில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன். போன வருடம் பங்குனியில் இடுப்பு வலி தாங்க முடியாமல் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளியே நாற்பது பேர் காத்துக் கிடந்தார்கள். டாக்டர் தன் அறைக்குள் என்னை நடக்கச் சொன்னார். மேஜைக்கும் கதவுக்கும் நடுவில் ஐந்து அடிதான் வைக்க முடிந்தது. "இடது குதிகால் நரம்பு குட்டையா இருக்கும்மா. கொஞ்சம் அறுத்து நீட்டிவிட்டா குதிகால் தரையில நிக்கும்" என்றார். எங்கள் ஊர்ச் சித்திரைத் திருவிழா முடிந்து அடுத்த புதன்கிழமைக்குத் தேதி கொடுத்தார். என் அம்மா அக்கம்மாள் பஸ் ஏறுவதற்குள் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துவிட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுமாம்.

தேனியில் இடுப்பு வலிக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் மதன்குமார்தான் முதலில் குட்டையைக் குழப்பினார். பெரியகுளத்துக்காரர், எதையும் மெதுவாகப் பேசுகிறவர். என்னைப் படுக்க வைத்து இடது பாதத்தைப் பிடித்து மேலே மடக்கினார். அது பாட்டுக்கு மடங்கியது. திரும்ப மடக்கினார். திரும்பவும் மடங்கியது.

"நரம்பு குட்டையா இருந்தா இது இம்புட்டு மடங்கக் கூடாதேம்மா. படுத்தா மடங்குது, நடந்தா மட்டும் ஏன் தூக்குது?"

"என்னையக் கேட்டா? கால்ட்ட கேளுங்க" என்றேன். வலி இருந்தால் எனக்கு மரியாதை கொஞ்சம் குறைந்துவிடும்.

அவர் கோபப்படவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கோளாறு இடது காலில் இல்லாமல் வலது காலில் இருக்கலாம். வலது முழங்கால் சரியாக மடங்காவிட்டால், அந்தக் கால் முன்னே வரும்போது விரல் தரையில் இடிக்கும். இடிக்காமல் இருக்க இடது கால் குதிகாலைத் தூக்கி, மொத்த உடம்பையும் உயர்த்தி வழிவிடலாம். அப்படியானால் அறுக்கப் போவது நல்ல காலை. அறுத்துவிட்டால் அந்தக் கால் அப்புறம் எம்பாது. வலது காலும் மடங்காது, இடது காலும் எம்பாது என்றால் நான் எப்படி நடப்பேன் என்று அவர் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டேன்.

மதுரை டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்த டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன். "சந்தேகம்னு சொன்னாப் போதாது, காட்டுங்க. இடது குதிகால் தூக்குற அதே நொடியில வலது கால் என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். நடையைப் படம் பிடித்து அளக்கிற கூடங்கள் பெரிய நகரங்களில் இருக்கின்றனவாம். விசாரித்தபோது ஆடி மாதத்துக்கு அப்புறம்தான் இடம் என்றார்கள். என் தேதி சித்திரையில்.

சரி, நாமே எடுப்போம் என்றார் மதன்குமார். நாலு பழைய செல்போன்களைத் தேற்றினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நான் நடுவில் ஒருதரம் கைதட்டிவிட்டு நடக்க வேண்டும். கைதட்டுகிற சத்தத்தை வைத்து நாலு படத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்பது திட்டம். சேர்த்தார். முதல் ரெண்டு அடி ஒத்துப்போனது. அப்புறம் ஒரு போன் முந்தியது, ஒரு போன் பிந்தியது, ஒன்று சூடாகி நடுநடுவே படத்தை விழுங்கியது. நான் ஓர் அடி வைக்க அரை நொடிதான் ஆகும். என் குதிகாலின் ரகசியம் முழுவதும் அந்த அரை நொடிக்குள் இருந்தது.

பாண்டீஸ்வரி அக்கா இந்த இடத்தில்தான் வருகிறார்.

எங்கள் தெருவில் 'கர்ணன் சவுண்ட் சர்வீஸ் & சீரியல் செட்' என்று ஒரு கடை இருக்கிறது. கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட்டும், பல்பு ஓடுகிற அலங்காரத் தட்டிகளும் போடுவார்கள். கர்ணன் அண்ணன் சவுக்குக் கம்பத்தில் ஏறினால் அணில் தோற்றுவிடும். அதைப் பார்த்து ஊர் முழுக்க அந்தத் தட்டிகளும் அவர் கைவேலை என்றே நம்பியது. உண்மையில் கர்ணன் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம். இதை இப்போது அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

அவர் மனைவிதான் பாண்டீஸ்வரி அக்கா, மயிலாடும்பாறையில் பிறந்தவர். பத்தாவது வரை படித்தார். கல்யாணமான மூன்றாவது மாதம் ஒரு முருகன் கோயிலுக்குக் கர்ணன் அண்ணன் மயில் தட்டி போட்டார். அந்திக்கு சுவிட்சைப் போட்டால் மயிலின் கழுத்து ரத்தச் சிவப்பாக ஓடியது. கூட்டம் கைதட்டியது, ஏதோ புது மாடல் என்று நினைத்து. புதுப்பெண் மட்டும் மெதுவாக, "ஏங்க, கழுத்து வெட்டுப்பட்ட மாதிரி இருக்கே" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வயர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் சால்டரிங் அயர்னை அக்கா கையில் எடுத்தார். அவர் ஏறுவார், இவர் ஈயம் வைப்பார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் ஏற்பாடு. இருபது வருடமாகக் கடைப் பலகையில் ஒரு பெயர்தான் இருந்தது, அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் எரியும். கேட்டால், "பேரா வயரைப் பத்தவைக்கிது?" என்பார்.

ரிப்பேருக்கு வந்த பழைய தட்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டார். அவர் பெருமைப்படுகிற வேலை ஒன்று உண்டு. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போடுகிற அலங்கார வளைவு. அதில் இடப்பக்கத் தட்டியின் ஒளி இடமிருந்து வலமாக ஓடும், வலப்பக்கத் தட்டியின் ஒளி வலமிருந்து இடமாக ஓடும். ரெண்டும் ஒரே நேரத்தில் நடுவில் அம்மன் கிரீடத்தில் வந்து முட்டும், கிரீடம் பளிச்சென்று எரியும். ஒரு பக்கம் ஒரு பல்பு பிந்தினாலும் அக்காவுக்குச் சோறு இறங்காது.

திருவிழாச் சமயத்தில் என் அம்மா அந்தக் கடைக்குத் தட்டியில் பல்பு சொருகப் போவாள். சொருகிக்கொண்டே என் கதையைச் சொல்லி அழுதிருக்கிறாள். அன்று சாயந்தரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஈயக் கறை, தலையில் வயர்த் துணுக்கு.

"ஏத்தா அபிதா, நாலு போனும் நாலு நேரம் காட்டுதாமுல்ல?"

"ஆமாக்கா."

"போனை ஏன் ஒழுங்குபடுத்தணும்? அது பாட்டுக்கு ஓடட்டும். நாலு போனுக்கும் முன்னால ஒரே நேரத்தைக் காட்டுற மாதிரி ஒண்ணை வச்சுட்டா? இதென்ன கம்பசூத்திரமா?"

முதலில் ஒரே ஒரு பல்பை நொடிக்கு ஒருதரம் மின்ன வைத்தார். மதன்குமாருக்கு எடுத்துப் போய்க் காட்டினோம். மின்னுவது எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் எந்த மின்னல் எந்த அடிக்கு என்று பிரிக்க முடியவில்லை. அக்கா பின்னந்தலையைச் சொறிந்தார். "வீட்டுக்கு வீடு அடையாளம் இல்லாத தெரு மாதிரி ஆகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் பல்பைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரெண்டு நாளில் நாலு சின்னத் தட்டிகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ரெண்டு வரிசை, வரிசைக்குப் பத்து பல்பு. மேல் வரிசையில் ஒளி சரசரவென்று ஓடும். அது ஒரு சுற்று முடித்தால் கீழ் வரிசையில் ஒரு பல்பு நகரும். கீழ் வரிசையில் ஒரு பல்பு எரிகிற நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கைதட்டலை வைத்துப் படங்களை ஏறக்குறையச் சேர்த்துக்கொண்டு, எத்தனையாவது பல்பு எரிகிறது என்று எண்ணினால் துல்லியமான நேரம் கிடைத்துவிடும். துடிப்பு கொடுக்கிற சில்லு ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்து நாலு தட்டிக்கும் வயர் போனது. ஒரே துடிப்பு என்பதால் நாலும் ஒன்றாகத்தான் நகர முடியும். எல்லாம் திருவிழாத் தட்டியில் போடுகிற அதே சில்லு, அதே பல்பு. ஒரு நல்ல செல்போன் உறை வாங்குகிற செலவுதான் ஆகியிருக்கும். அதையும் வாங்க மாட்டேன் என்று சாதித்துவிட்டார்.

தட்டிகளின் பின்னால் சாக்பீஸால் 'முன்', 'பின்', 'இடது', 'வலது' என்று எழுதியிருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பிடித்தது எங்கள் மண்டியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏலம் இல்லாத நாள், சிமெண்டுத் தரை, நீளமான கொட்டகை. முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டு, "நல்லா நடம்மா" என்று மட்டும் சொன்னார். கர்ணன் அண்ணன் நாலு பக்கமும் போன்களைக் கட்டினார். ஒவ்வொரு போனின் பார்வையிலும் ஒரு தட்டி தெரிகிற மாதிரி அக்கா வைத்தார். வாழைச்சருகு வாசத்தில் நான் கைதட்டிவிட்டு நடந்தேன். பத்து அடி, திரும்பி பத்து அடி. யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, தராசைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் மாலை மதன்குமார் கிளினிக்கில் லேப்டாப்பைத் திறந்தார். இடப்பக்கப் படத்தில் என் குதிகால் நன்றாக உயர்ந்திருக்கிற இடத்தில் நிறுத்தினார். கீழ் வரிசையில் நாலாவது பல்பு எரிந்தது. வலப்பக்கப் படத்தில் நாலாவது பல்பு எரிகிற இடத்தைத் தேடி நிறுத்தினார். அதில் என் வலது பாதம் தரையில் சப்பென்று ஊன்றி நின்றது.

வலது கால் காற்றில் இருந்திருந்தால்தான் அவர் சந்தேகம் சரி. அது தரையில் இருக்கிறது என்றால், இடது குதிகால் யாருக்கும் வழிவிடவில்லை, தானாகவே தூக்குகிறது. மதுரை டாக்டர் சொன்னதுதான் சரி.

இன்னொரு அடியிலும் பார்ப்போம் என்று பார்த்தார். அங்கே ரெண்டு காலும் காற்றில் இருந்தன.

"நடக்கிறவளுக்கு ரெண்டு காலும் எப்படிம்மா ஒரே நேரத்துல அந்தரத்துல நிக்கும்? எங்கனயோ தப்பு இருக்கு. இன்னொரு தடவை எடுத்துப் பாப்பமா?"

நான் கத்திவிட்டேன். "போதும் சார். எத்தனை தடவை நடந்து காட்டுறது? பொறந்ததுலருந்து நடந்து காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அறுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர் எனக்காகத் தூக்கம் கெட்டவர். ஆனால் அன்றைக்கு எனக்கு நம்பிக்கை என்கிற பொருளின் மேலேயே ஆத்திரமாக இருந்தது. அதைக் காட்டியிருக்காவிட்டால் நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போயிருப்பேன் அல்லவா. போன் சூடாகிப் படத்தை விழுங்கியிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அக்காவிடம்கூட நான் போய்ச் சொல்லவில்லை. அம்மாதான் பல்பு சொருகும்போது சொல்லியிருக்கிறாள், "ரெண்டு காலும் அந்தரத்துல நிக்குதாம்த்தா, எம்பிள்ளை என்ன பேயா" என்று.

அது அக்காவை அரித்திருக்கிறது. சோறு இறங்கவில்லை என்று பின்னால் கர்ணன் அண்ணன் சொன்னார். "நாலும் ஒரே துடிப்புதானே, எப்புடி விலகும், எப்புடி விலகும்னு ஒரே பொலம்பல். வயரை மாத்தி மாத்திச் சோதிச்சுப் பாக்குது. தூங்கவிடல தாயி."

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை திருவிழா தொடக்கம். முந்தின திங்கட்கிழமை மத்தியானமே அலங்கார வளைவை எரியவிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். கோயிலில் நட்டிருந்த வேண்டுதல் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஈரத் துணியோடு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் வளைவின் உச்சியில் உட்கார்ந்து கிரீடத்துக்கு வயர் கட்டிக்கொண்டிருந்தார். கீழே அக்கா சுவிட்சைப் போட்டார். இடப்பக்கத்திலிருந்து ஒளி ஓடி வந்தது. வலப்பக்கத்திலிருந்து ஒளி எதிரே ஓடி வந்தது. நடுவில் முட்டியது. கிரீடம் எரிந்தது. ஒரு பல்பு பிந்தவில்லை.

அக்கா கையிலிருந்த டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏங்க, நான் தேனிக்குப் போயிட்டு வாரேன்."

"ஏ, என்ன வெளாடுறியா? ஏணியப் புடிக்க ஆளு வேணும்!"

"அங்கனயே உக்காந்துருங்க!"

வருடத்திலேயே பெரிய வேலை, நாளைக்குத் திருவிழா. புருஷனை வளைவின் உச்சியில் உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். மண்டிக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றபோது அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

"அபிதா, ஏறு வண்டியில."

"பில் கெடக்குக்கா."

"கெடக்கட்டும். என் கை செஞ்ச தப்புத்தா. வலதுன்னு எழுதுனேன்ல, கை தானா வலதுப் பக்கத் தட்டி பத்தவைக்கிற மாதிரி பத்த வச்சிருச்சு. அது தலைகீழா ஓடுதுடி!"

எனக்குப் பாதி வழி போகும்வரை புரியவில்லை. இருபது வருடமாக 'வலது' என்று எழுதிய எந்தத் தட்டியையும் அவர் வலமிருந்து இடமாகத்தான் பத்தவைத்திருக்கிறார். என் வலது தட்டியையும் கை அப்படியே செய்துவிட்டது. மற்ற மூன்றும் இடமிருந்து வலமாக ஓட, அது ஒன்று மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடியிருக்கிறது. நாலும் ஒன்றாக எரிகிறதா என்றுதான் எல்லாரும் பார்த்தோம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. மதன்குமார் அந்தத் தட்டியிலும் இடமிருந்தே எண்ணி நாலாவது பல்பைத் தேடியிருக்கிறார். உண்மையில் அது ஏழாவது. அரை நொடிக்கு மேல் பிசகு. ஏறக்குறைய ஓர் அடி.

கிளினிக்கில் ஆள் இருந்தது. மதன்குமார் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு லேப்டாப்பை எடுத்தார். திரும்ப நடக்கத் தேவையில்லை, திரும்பப் படம் பிடிக்கத் தேவையில்லை. படத்தில் உண்மை ஏற்கெனவே இருந்தது, எண்ணுகிற பக்கம்தான் தப்பு. இடப்பக்கப் படத்தில் குதிகால் உயர்ந்த அதே இடம். கீழ் வரிசையில் நாலு. வலப்பக்கப் படத்தில் இந்த முறை வலமிருந்து எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

என் வலது கால் காற்றில் இருந்தது. முழங்கால் உலக்கை மாதிரி விறைத்து நின்றது. கட்டைவிரலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை.

அடுத்த அடி. அதற்கடுத்த அடி. இருபது அடியையும் பார்த்தார். இடது குதிகால் உயர்கிற ஒவ்வொரு முறையும் வலது கால் அந்தரத்தில் வந்துகொண்டிருந்தது. ரெண்டு காலும் காற்றில் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை.

மதன்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடது காலுக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்றார். "வலது கால் இடிச்சு நீ விழுந்துறக் கூடாதுன்னு ஒவ்வொரு அடிக்கும் அதுதான் ஒன்னையத் தூக்கிவிட்டுருக்கு."

நான் அழுதேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, "சார்" என்றேன், திரும்பவும் "சார்" என்றேன். அவர் புரிந்துகொண்டு, "பரவால்ல விடும்மா, நீ கத்துனதுல எனக்கும் ரோஷம் வந்துச்சு" என்றார். பாண்டீஸ்வரி அக்கா சுவரோரமாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்புறம் திடீரென்று, "அய்யய்யோ, அவுக வளைவு மேலல்ல உக்காந்துருக்காக!" என்று ஓடினார். அண்ணன் ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்திருக்கிறார். கீழே தண்ணீர்க் குடத்தோடு போனவர்களெல்லாம் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்களாம்.

வியாழக்கிழமை மதன்குமாரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனோம். டாக்டர் நாலு படத்தையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தார். மூன்று தரம் பார்த்தார். அப்புறம் என்னைப் படுக்க வைத்து ரெண்டு காலையும் மடக்கிப் பார்த்தார். "நல்லவேளை கொண்டு வந்தீங்க" என்றார். பெரிய டாக்டர் அப்படிச் சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும். இடது காலில் கத்தி வேண்டாம், வலது முழங்கால் தசைக்கு ஊசியும் பயிற்சியும் பார்ப்போம் என்று தேதியை அடித்தார். இதை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். மதன்குமார் சொன்னார். டாக்டர் நான் கொண்டுபோன கடிதத்தின் ஓரத்தை இன்னொரு தடவை படித்தார். 'கருவி அமைப்பு: திருமதி பாண்டீஸ்வரி, வீரபாண்டி' என்று மதன்குமார் எழுதியிருந்தார். ஒரு காகிதத்தில் வேலைக்காக அக்கா பெயர் வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதை நான் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அம்மா தீச்சட்டி எடுத்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடியத்தானே நேர்ந்தாய், ஆபரேஷனே நடக்கவில்லையே என்று கேட்டேன். "நடக்காமப் போனதைவிட நல்லபடியா முடிய என்னடி இருக்கு" என்றாள்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. நடை முழுதாக நேராகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வலது முழங்கால் முன்பைவிட மடங்குகிறது, இடது குதிகால் பாதிக்குப் பாதிதான் எம்புகிறது, இடுப்பு வலி போய்விட்டது. பால்காரர் இன்னமும் கருத்துச் சொல்கிறார். மதன்குமார் அந்த நாலு தட்டிகளை வைத்து இன்னும் பதினோரு பேரின் நடையைப் பார்த்துவிட்டார். வலது தட்டியை அக்கா பிரித்து நேராக்கிக் கொடுத்தார்.

எனக்குள் நிற்பது திருவிழா முடிந்த மறுநாள். அந்த ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கடைச் சுவரில் தன் பெயர் போட்ட காலண்டருக்கு மேலே ஒட்டினார். அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

"அது கெடக்கட்டும். காலை நீட்டு" என்றார்.

"எந்தக் கால்?"

"நல்ல கால."

நீட்டினேன். இடது பாதத்தின் முன்பக்கம் கல் மாதிரி காய்த்துக் கிடந்தது. இருபத்து மூன்று வருடம் எம்பி எம்பி விழுந்த இடம். அக்கா தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்தார். அவர் விரலும் ஈயச்சூடு பட்டுப் பட்டு அதே மாதிரி காய்த்திருந்தது.

"இம்புட்டு நாளும் ஒரு நல்ல பேரும் இல்லாம நின்டுருக்கு பாரு. கடைசியில அதையே அறுக்கப் பாத்துட்டமே."

அந்தக் காலை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன். கண்ணாடிக் கடை முன்னால் நின்று திட்டியிருக்கிறேன், பஸ் படியில் திட்டியிருக்கிறேன், அறுத்தாவது ஒழியட்டும் என்று மதன்குமார் முன்னாலேயே திட்டியிருக்கிறேன். ஒருநாள் அதைத் தடவிக்கொடுத்ததில்லை. அன்றைக்கு வயர் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், ரெண்டு கையாலும் தடவிக்கொடுத்தேன். அப்புறம் அதே கையால் அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டேன்.